பாசி மட்டும் போதாது

"பாசி தின்னும் மீன் விட்டால் தீனியே போட வேண்டாம்" என்று கடல்மீன் தொட்டி வளர்ப்பவர்கள் சிலர் சொல்வது சரியில்லை. தயவுசெய்து அதை நம்பி மீனைப் பட்டினி போடாதீர்கள். வீட்டில் உயிர்ப் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் பாசியை ஒரு பிளெனி (பாசி தின்னும் சிறு கடல்மீன்) சீக்கிரமே சுரண்டித் தின்று தீர்த்துவிடும். அப்புறம் வயிறு ஒட்டிக் குழி விழும். பசி முற்றினால் சில பிளெனிகள் பவளத்தையே கொத்தத் தொடங்கும். உலர்ந்த நோரித் தாளை (கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டித் தினமும் கொடுங்கள். வாங்கும்போதே கடையில் தீனி எடுக்கிறதா என்று பாருங்கள். பாசி தின்னும் இன்னொரு கடல்மீனான மஞ்சள் டாங் 20 சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும். இரண்டடித் தொட்டியில் அதை விடவே கூடாது. சிவப்பாக, வழவழவென்று பாசி போலப் படரும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரை இந்த மீன்கள் பெரும்பாலும் தொடாது. இன்னொன்று, இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து இரவுக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் தண்ணீர் 25 பாகையில் நிற்காது.