பிட்சரைப் போட்டு பேரீச்சம்பழம் வாங்குற டீமு

"மாமா, வாழ்த்துக்கள்! ஸ்கீன்ஸை எப்ப எங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கப் போறீங்க?"

நியூ ஜெர்ஸில இருக்குற என் மச்சினன் அனுப்புன மெசேஜ். அமெரிக்க பேஸ்பால்ல லீக்குக்கு ஒருத்தர்னு சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து போடுறவனுக்கு, குடுக்குற சை யங் விருது, 2025க்கு அறிவிச்சு பத்து நிமிஷம் கூட ஆகல. மொத எடத்துக்கான 30 ஓட்டுல 30ம் எங்க பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமு பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்கு, ஒரு ஓட்டு கூட வேற ஆளுக்குப் போகல, நான் இன்னும் சோஃபாவ விட்டு எந்திரிக்கல, வீட்டுல யாருகிட்டயும் வாய்விட்டு சொல்லக்கூட இல்ல, அதுக்குள்ள பொண்ணு கேட்டு தட்டோட வாசல்ல வந்து நிக்கிறான் நியூயார்க் யாங்கீஸ்காரன். பின்னாடியே இன்னொரு மெசேஜ். "பெட்னார் இங்க நல்லாதான் இருக்கான், கவலப்படாதீங்க." பெட்னார், எங்ககிட்ட இருந்து யாங்கீஸுக்குப் போன பிட்சர்.

வயிறு எரியுதுய்யா. நெஜமாவே எரியுது.

பத்துக்குப் பத்து. மொதல்ல இத பேசிடுவோம். பேஸ்பால்ல வெற்றி தோல்வியையும் பிட்சர் பேருல எழுதி வைப்பாங்க. ஸ்கீன்ஸோட இ.ஆர்.ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியா குடுத்த ரன், 1.97. 216 ஸ்ட்ரைக் அவுட், பந்த அடிக்க முடியாம பேட்டர் நின்ன எடத்துலயே அவுட் ஆகுறது. 32 மேட்ச்ல இறங்கி ஒன்பது இன்னிங்ஸுக்கு ரெண்டு ரன் கூட முழுசா குடுக்காதவன் பேருக்குப் பக்கத்துல பத்து வெற்றி, பத்து தோல்வின்னு எழுதியிருக்கு. அந்தப் பத்தும் அவன் தோத்ததா? 30 டீம்ல ரொம்பக் கம்மியா ஹோம் ரன் அடிச்சது யாரு, நாமதான், வருஷம் பூரா சேத்து 117. பந்து போடுறவனே மட்டையையும் தூக்கிட்டுப் போயி அடிக்கணும்னா ஷோஹெய் ஓட்டானியத்தான் கூப்புடணும். அவரு விலை 700 மில்லியன் டாலர்.

2025 மே 18. என்னால அந்த நாள மறக்க முடியாது. ஞாயித்துக்கிழமை, பிட்ஸ்பர்க் பக்கத்துல பென் ஹில்ஸ் கோயிலுக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட்டாச்சு, கேன்டீன்ல புளியோதரை வாங்கியாச்சு, வீட்டுக்காரியும் பசங்களும் தெரிஞ்சவங்களோட பேசிட்டு நின்னாங்க, நான் மட்டும் கார்ல வந்து உக்காந்து ரேடியோவப் போட்டேன். மேட்ச் ஃபிலடெல்ஃபியால. நமக்கு ஸ்கீன்ஸ். அவங்களுக்கு மிக் ஏபல்னு ஒரு பையன், பெரிய லீக்ல அவனுக்கு அதுதான் மொத மேட்ச், அன்னிக்குத்தான் யூனிஃபார்மே போட்டு இறங்குறான். நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன், சரி, புதுப்பையன், கை நடுங்கும், நாலு ரன்னாவது அடிச்சிருவாங்க, நம்மாளு மிச்சத்த பாத்துக்குவான்னு.

கை நடுங்குனது எங்களுக்குத்தான். ஒருத்தன் வரான், ஸ்ட்ரைக் அவுட். அடுத்தவன் வரான், ஸ்ட்ரைக் அவுட். ரேடியோல கமென்ட்ரி சொல்றவர் குரலே எறங்கிப் போச்சு. அந்தப் புதுப்பையன் ஆறு இன்னிங்ஸ் போட்டான், ஒன்பது பேர ஸ்ட்ரைக் அவுட் பண்ணான், ஒரு ரன் குடுக்கல. எங்க பக்கம் ஸ்கீன்ஸ் போடுறான், போடுறான், போட்டுக்கிட்டே இருக்கான். குடுத்தது மூணே மூணு ஹிட். ஒரே ஒரு வாக், பந்து தப்பாப் போயி ஆள சும்மா மொத பேஸுக்கு விடுறது. அவனும் ஒன்பது பேர ஸ்ட்ரைக் அவுட் பண்ணான். அவங்க மொத்தமா எடுத்தது ஒரு ரன், அந்த ஒரு ரன்னு போதும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நான் புளியோதரைப் பொட்டலத்தப் பிரிச்சு மடில வச்சவன் ஒரு வாய் எடுத்து வைக்கல. ஏழாவது இன்னிங்ஸ், ஒண்ணுமில்ல. எட்டாவது, ஒண்ணுமில்ல. ஒன்பதாவது, இப்பவாவது ஒருத்தன் பந்த கண்ணத் தொறந்து பாத்து அடிங்கடான்னு ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், ம்ஹூம். 1-0. முடிஞ்சுது.

ஸ்கீன்ஸுக்கு அன்னிக்கு எட்டு இன்னிங்ஸ்தான் வந்துச்சு, ஏன்னா அவங்க ஒன்பதாவதுல பேட் புடிக்கவே தேவையில்ல, அதான் ஜெயிச்சிட்டாங்களே. பெரிய லீக்ல அவன் போட்ட மொத கம்ப்ளீட் கேம் அது, அதாவது டீமோட மொத்த பந்தையும் ஒரே ஆளே போடுறது. கைக்கெட்டுன தூரத்துல ஒரு ஆள் தன் உசுரக் குடுத்து போட்ட மேட்ச், அதுக்கு நேரா தோல்வின்னு குறிச்சு வச்சிருக்கானுங்க. வீட்டுக்காரி கதவத் தொறந்து "என்ன, யாராவது போயிட்டாங்களா"ன்னு கேட்டா. எம் மூஞ்சி அப்படி இருந்திருக்கு.

இப்ப இதக் கேளுங்க. அந்த மிக் ஏபல் அப்புறம் என்ன ஆனான்? ஜூலை கடைசில ஃபிலடெல்ஃபியா அவனையும் கூட இன்னொரு சின்னப் பையனையும் மினசோட்டாவுக்குக் குடுத்துட்டு யோஹான் டுரானைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒன்பதாவது இன்னிங்ஸ்ல வந்து கதவச் சாத்துற க்ளோசர். ஜெயிக்கணும்னு நெனைக்கிற டீம் அப்படித்தான் செய்யும், நாளைக்கு வரப்போற பையனக் குடுத்து இன்னிக்கு வேணுங்குற ஆள வாங்கும். அதே வாரம் எங்க டீம் என்ன செஞ்சுது தெரியுமா, கதவச் சாத்துறதுக்கு இருந்த ஒரே ஆள வித்துச்சு. டேவிட் பெட்னார். வெளியூர் ஆளு இல்ல, பிட்ஸ்பர்குக்கு வடக்கால மார்ஸ்னு சின்ன ஊரு, அங்க ஹைஸ்கூல் படிச்சவன், சின்ன வயசுல இதே டீமப் பாத்து வளந்தவன். 2023ல 39 சேவ், ஜெயிக்கிற மேட்ச கடைசில கைவிடாம முடிச்சுக் குடுக்குறது. அவன் ஒன்பதாவதுல நடந்து வரும்போது மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சு நிக்கும், பாட்டுச் சத்தத்துல நெஞ்சுக்கூடு அதிரும். யாங்கீஸுக்குக் குடுத்தாச்சு. பதிலுக்கு மூணு ப்ராஸ்பெக்ட்டு, இனிமே வளந்து வரணும்ங்குற சின்னப் பசங்க.

ஊர்ல தள்ளுவண்டிக்காரர் வருவாரே, பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்னு. அவராவது ஓட்ட விழுந்த குடத்தத்தான் கேப்பாரு. இவனுங்க தண்ணி புடிச்சு வச்சிருக்குற குடத்தத் தூக்கிப் போடுறானுங்க.

நான் வாய்க்கு வந்தத சொல்லல, வரிசையா பாருங்க. ஜெரிட் கோல். டீமெல்லாம் வரிசையா புதுப் பசங்களத் தேர்ந்தெடுக்குற டிராஃப்ட்ல, 2011ல மொத ஆளா எங்க டீம் எடுத்த பையன். 2015ல 19 வெற்றி, அந்த வருஷம் டீம் 98 மேட்ச் ஜெயிச்சுது. 2018 ஜனவரில ஹூஸ்டனுக்குக் குடுத்தாங்க. அங்க போயி 2019ல 326 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தான், யாங்கீஸ் 324 மில்லியன் குடுத்துக் கூட்டிட்டுப் போச்சு, 2023ல சை யங். கோலுக்குப் பதிலா வந்த நாலு பேர்ல ஒருத்தன் ஜோ மஸ்க்ரோவ், நல்ல பிட்சர், தங்கமான பிட்சர். அவனையாவது வச்சிக்கிட்டானுங்களா? 2021 ஜனவரில சான் டியாகோவுக்கு. அங்க போன மூணாவது மாசம் ஒரு ஹிட் கூட குடுக்காம நோ-ஹிட்டர் போட்டான், அந்த டீம் சரித்திரத்துலயே அதுதான் மொத நோ-ஹிட்டர். மஸ்க்ரோவக் குடுத்து வாங்குன ஆளுங்கள்ல ஒருத்தன்தான் இந்த பெட்னார். இப்ப பெட்னாரும் போயாச்சு. கோல் மஸ்க்ரோவாகி, மஸ்க்ரோவ் பெட்னாராகி, பெட்னார் பேரு தெரியாத மூணு பசங்களாயாச்சு. அந்த மூணு பேரும் நல்லா வந்தா என்ன நடக்கும்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

2018 ஜூலை 31ஐ நான் தொடக்கூடாதுன்னு பாக்குறேன், முடியல. கிறிஸ் ஆர்ச்சர்ங்குற பிட்சர் வேணும்னு டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், அது பத்தாதுன்னு அப்புறமா ஷேன் பாஸையும் சேத்து டாம்பாவுக்குக் குடுத்தானுங்களே. வாழ்க்கைல ஒரே தடவ வாங்குற பக்கம் நின்னானுங்க, அதுலயும் இப்படி. ஆர்ச்சர் 2019ல 5.19 இ.ஆர்.ஏ, 2020ல ஆபரேஷன் பண்ணிட்டு ஒரு பந்து கூட போடல, அப்புறம் கெளம்பிட்டாரு. கிளாஸ்னோ எங்க இருக்கான்? 2025 அக்டோபர் கடைசில டொரன்டோல வேர்ல்ட் சீரிஸ், அதான் கோப்பைக்கான கடைசி மோதல், ஆறாவது மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டாவது பேஸ்லயும் மூணாவது பேஸ்லயும் ஆள், ஒரு அவுட் கூட இல்ல. டாட்ஜர்ஸ் கிளாஸ்னோவ எறக்குனாங்க. மூணே பந்து. மேட்ச் முடிஞ்சுது. நான் டிவிய அணைச்சுட்டு இருட்டுல உக்காந்திருந்தேன். அவனுக்கு ஸ்ட்ரைக் போடத் தெரியலன்னு நாங்க ஓரம் கட்டுன பையன்யா அது.

உடனே ஒரு கூட்டம் வரும், சின்ன ஊரு, சின்ன மார்க்கெட்டு, டாட்ஜர்ஸ் 300 மில்லியனுக்கு மேல செலவு பண்றான் நீங்க எப்படி பண்ணுவீங்கன்னு. யாரு 300 கேட்டா? 2025ல எங்க டீமோட மொத்தச் சம்பளம் 100 மில்லியனையே தொடல. ஒப்பந்தம் முடிஞ்சு எந்த டீமுக்கு வேணும்னாலும் போகலாம்னு இருக்குற ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு இந்த டீம் 2025 வரைக்கும் குடுத்த பெரிய ஒப்பந்தம் 2014ல ஃபிரான்சிஸ்கோ லிரியானோவுக்கு 39 மில்லியன், மூணு வருஷத்துக்கு. 2014ல போட்டது, பதினோரு வருஷம் கழிச்சும் அதுதான் ரெக்கார்டு. அவரையும் வச்சிக்கல, 2016ல டொரன்டோவுக்கு அனுப்பும்போது, சம்பளச் சுமைய எறக்கி வைக்கணும்ங்குறதுக்காக கூட ரெண்டு நல்ல இளம் பிளேயர இலவசமா தள்ளி விட்டாங்க. மில்வாக்கி எங்களவிட பெரிய மார்க்கெட்டு இல்லியே, 2025ல 97 ஜெயிச்சு மொத்த லீக்லயும் மொத எடம். அவங்களும் பிட்சர விக்கிறாங்கதான், கார்பின் பர்ன்ஸயே வித்தாங்க, ஆனா ஜெயிச்சிக்கிட்டே விக்கிறாங்க. நாங்க 71 ஜெயிச்சோம். 91 தோத்தோம்.

ஸ்டேடியத்துல ஜனங்க ஓனரப் பாத்து "டீம வித்துட்டுப் போ"ன்னு கத்துனாங்க. 1993ல இருந்து 2012 வரைக்கும் இருபது வருஷம் தொடர்ந்து தோத்தப்பயும் கூட வந்து உக்காந்த ஜனங்க இவங்க. 1979க்கு அப்புறம் கோப்பையப் பாக்காத ஊரு இது. அதுக்குக் கெடச்ச மரியாதை என்ன, 2025 ஏப்ரல்ல ரைட் ஃபீல்டு சுவத்துல எங்க டீமு ஜாம்பவான் ராபர்ட்டோ கிளமென்டேயோட 21ங்குற நம்பர் இருந்த எடத்துல ஒரு மதுபான விளம்பரத்த ஒட்டுனாங்க. கிளமென்டே! நிலநடுக்கத்துல அடிபட்ட நிகராகுவா ஜனங்களுக்கு சாமான் எடுத்துட்டுப் போகும்போது விமானம் விழுந்து செத்த மனுஷன், அவருக்காகத்தான் அந்தச் சுவத்தையே 21 அடி உயரத்துக்குக் கட்டுனாங்க. ஊரே கொந்தளிச்சதுக்கு அப்புறம்தான் நம்பர் திரும்ப வந்துச்சு. காசு வர எடமா இருந்தா சாமி படத்தையே கழட்டிருவானுங்க போல.

இப்ப ஸ்கீன்ஸுக்கு வரேன். 2025ல அவன் ஒப்பந்தச் சம்பளம் 875,000 டாலர், போனஸ் தனியா. ஒரு மில்லியன் கூட இல்ல. 2029 சீசன் முடிஞ்சாத்தான் ஃப்ரீ ஏஜென்ட். 2025 முடிஞ்சப்ப அதுக்கு நாலு சீசன் முழுசா இருந்துச்சு, நாலு வருஷத்துல ஒரு டீமக் கட்ட முடியாதா? மட்டை புடிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர வாங்குங்கய்யா, ரெண்டே பேரு. அவன் எட்டு இன்னிங்ஸ் போடுறான், நீங்க ரெண்டு ரன் எடுங்க, வேற ஒண்ணும் கேக்கல. இதச் செய்யாம விட்டா 2018 ஜனவரி திரும்ப வரும். கோலும் டிராஃப்ட்ல மொத ஆளுதான், ஸ்கீன்ஸும் மொத ஆளுதான். "எதிர்காலத்துக்கு"ன்னு ஒரு அறிக்கை விடுவானுங்க, எனக்கு அது மனப்பாடமே ஆயிடுச்சு.

பீரோவத் தொறந்தா 22ம் நம்பர் சட்டை இருக்கு, எங்க டீமு ஸ்டார் பேட்டர் மெக்கச்சனோடது. 51 பெட்னாரோடது, மடிச்சு வச்சிட்டேன், போட மனசு வரல. 45 கோலோடது, அதக் காணோமேன்னு போன வாரம் தேடுனா கராஜ்ல கார் தொடைக்கிற துணியா கெடக்கு, முதுகுல ஒட்டியிருந்த எழுத்து உரிஞ்சு வெறும் 4 மட்டும் பாக்கி. வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், "நீங்கதானே அவரு போனப்ப தூக்கிக் கடாசுனீங்க"ன்னா. ஆமா, நான்தான் கடாசுனேன். என் பையனுக்கு 30 போட்ட ஸ்கீன்ஸ் சட்டை போன பொறந்தநாளுக்குத்தான் வாங்குனது, தூங்கும்போதும் அதத்தான் போடுறான்.

மச்சினனுக்கு இன்னும் பதில் போடல. போட்டா சொந்தம் முறிஞ்சிரும்.

இன்னொண்ணு, எங்க பிட்ஸ்பர்க்ல இந்த ஸ்குவிரல் ஹில் டனல் முன்னாடி வந்த ஒடனே எதுக்குய்யா அத்தன பேரும் பிரேக்க மிதிக்கிறீங்க? அன்னிக்கு 1-0க்கு அப்புறம் கோயில்ல இருந்து திரும்பி வரேன், ஞாயித்துக்கிழம சாயங்காலம், ஆக்ஸிடென்ட் இல்ல, ரிப்பேர் வேல இல்ல, மழ இல்ல, ரெண்டு மைலுக்கு செவப்பு லைட்டு. இருபத்தஞ்சு நிமிஷம் நின்னு நின்னு ஊர்ந்து வந்து டனலுக்குள்ள நொழஞ்சா ரோடு காலியா கெடக்கு. அந்த வாசல்ல அப்படி என்னதான்யா தெரியுது உங்களுக்கு?