சூடான் எங்கே, பீஷான் எங்கே?

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கு இந்நேரம் யாராவது வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பார்கள். சூடானின் எல் ஃபஷேர் நகரைப் பற்றி நான் பேசத் தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகாத நிலையில், "சூடான் எங்க, பீஷான் எங்க? நம்ம கதையப் பேசுங்கக்கா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழ, அரங்கமே சிரித்தது. நம் சிங்கப்பூரின் பீஷான் வட்டாரத்தோடு சூடானுக்கு இயைபு நன்றாகவே அமைந்திருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் தொலைவைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது? உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி, இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் பட்ட பாடு மறந்துபோயிற்றா? 2023 ஜூலை 20ஆம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அந்த வார இறுதியில் தேக்காவின் சிராங்கூன் சாலை மளிகைக் கடையொன்றில் நான் நின்றுகொண்டிருக்க, எனக்கு முன்னால் ஒரு தம்பதியர் தள்ளுவண்டியில் அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டு, அதன்மேல் ஒப்புக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டை வைத்திருந்தார்கள். உலகச் செய்தி எதற்கு என்று இன்று கேட்கும் நண்பர்களில் இருவர், பொன்னி எங்கே கிடைக்கும் என்று அன்று எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். டெல்லி எங்கே, தேக்கா எங்கே என்று அவர்களில் எவரும் கேட்கவில்லை. பிறகு சிங்கப்பூருக்கென்று 50,000 டன் அரிசியை இந்தியா அனுமதித்தது, நாமும் நிம்மதியாக மறந்தோம்.

செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், அவை ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. வரவு ஒழுங்கு குலைந்து 2024இன் நடுப்பகுதியில் நம் துறைமுகத்தில் நெரிசல் ஏற்பட்டது. சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அப்போது ஞாயிறு என்று ஒரு நாளே இல்லை. ஏமன் தொலைவில்தான் இருக்கிறது.

"வெளிநாட்டுப் பிரச்சினையை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள், இது பல இன நாடு" என்று ஒருவர் தனிச்செய்தியில் அறிவுரை கூறியிருக்கிறார். படிப்பதும் கட்சி கட்டுவதும் ஒன்றல்ல, ஐயா. மேலும், நாம் இறக்குமதி செய்யாதது என்று இங்கே என்னதான் இருக்கிறது? செய்தி பார்த்தால் மன உளைச்சல் என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. இரவு வேலை முடித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் செய்தி பார்க்காவிட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் நாடகத் தொடரில் மாமியார் மருமகளைக் கொல்லத் திட்டமிடுவதை இரவு பத்து மணி வரை பார்க்கிறவர்களுக்கு உளைச்சல் வருவதில்லையே!

இவ்வளவும் எழுதிய பிறகு எனக்கே கசக்கிறது. அரிசி விலை ஏறினால்தான் ஒரு நாட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டுமா? அப்படிப் பயன் கேட்பவர்களுக்கு அதுவும் உண்டு: குளிர்பானங்கள் பலவற்றில் சேரும் அரபுப் பிசினின் பெரும்பகுதி சூடானிலிருந்துதான் வருகிறது. போதுமா? 2023 ஏப்ரல் 15ஆம் தேதி சூடான் இராணுவமும் ஆர்எஸ்எஃப் என்ற துணை இராணுவப் படையும் மோதத் தொடங்கியதிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில், எல் ஃபஷேர் அருகே இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. ஓராண்டுக்கும் மேல் முற்றுகையில் கிடந்த எல் ஃபஷேர் 2025 அக்டோபர் இறுதியில் விழுந்தது. நான் சொல்ல வந்தது இவ்வளவே. இதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

2009இல் நாம் எப்படி இருந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, உலகத்துக்குக் கண் இல்லையா என்று வீட்டுக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் கேட்டுக் கேட்டு ஓய்ந்தோம். என் அலுவலகத்தில் ஒரு சீனச் சக ஊழியர், நாளிதழை மடித்து எடுத்து வந்து, அதிலிருந்த சிறிய வரைபடத்தில் விரலை வைத்து, "உன் சொந்தக்காரர்கள் இங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார். தன்னால் எதுவும் செய்ய இயலாது என்பது அவருக்கும் தெரியும். நம்மால் என்ன செய்ய முடியும் என்று சனிக்கிழமை என்னைக் கேட்டவர்கள், அவரால் மட்டும் என்ன செய்ய முடிந்தது என்று நினைக்கிறார்கள்? அவர் படித்தார், கேட்டார். அந்த ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"அது நம் இனம், இது வேறு" என்று இதற்குக் கீழேயும் ஒருவர் எழுதப்போகிறார். உலகம் ஏன் வாய் திறக்கவில்லை என்று அன்று முறையிட்டபோது, உலகம் நமக்கு என்ன உறவுமுறை என்று விசாரித்துவிட்டா முறையிட்டீர்கள்? பதில் எழுதுங்கள், அழிக்க மாட்டேன்.