என்வலப்பின் பின்பக்கம்

எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனையில் அறிவித்தல்கள் முடிந்ததும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். சின்ன என்வலப் ஒன்றின் பின்பக்கத்தில் பெயரையும் காரணத்தையும் எழுதி, காணிக்கையை உள்ளே வைத்துக் கொடுப்பது வழக்கம். போன கிழமை பதினொரு என்வலப். மகள் ஓ.எல். சோதினையில் ஒன்பது ஏ எடுத்ததற்காக. மகனுக்குக் கனடா விசா கிடைத்ததற்காக. புது வீடு குடிபுகுந்ததற்காக. பேரன் லண்டனில் பட்டம் பெற்றதற்காக. இரண்டு பிறந்தநாள்களைக் கழித்தால் மிச்சம் ஒன்பதும் ஏதோ ஒன்று கைக்கு வந்ததற்கான நன்றி.

அந்த நன்றியில் நான் குறை காணவில்லை. எங்கள் சனம் பட்ட பாட்டுக்கு, ஒரு பிள்ளை கரைசேர்ந்தால் கடவுளுக்கு முன்னால் அழுது நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் விசா மறுக்கப்பட்ட வீட்டுக்காரரும் அதே வாங்கில்தானே இருக்கிறார்? அவர் என்ன எழுதிப் போடுவார்? பட்டியல் வாசிக்கிற அந்த ஐந்து நிமிடமும் அவர் தலையைக் குனிந்துகொண்டு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும். நான் அப்படி இருந்திருக்கிறேன்.

2003. சமாதான காலம், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்தது. அம்மாவின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாவற்றையும் அடைவு வைத்து, ஒரு துண்டுக் காணியையும் விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டினோம். வெளிக்கிட்டேன். இடையில் ஒரு நாட்டில், ஓர் அறைக்குள் ஏழு பேர், நாலு மாதம். ஏஜென்சிக்காரன் போன் எடுப்பதை நிறுத்தினான். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பகலில் வந்தால் ஊர் பார்க்கும் என்று, யாழ்ப்பாண பஸ் நிலையத்திலேயே இருட்டும் வரை இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு, நான் சாப்பிட்டு முடியும் வரை பக்கத்தில் இருந்தா.

அதற்குப் பிறகு ஆறு மாதம் கோயில் பக்கம் போகவில்லை. ஆண்டவரோடு கோபம் ஒன்றும் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில் நிற்பவர்களுக்குத்தான் பயம். "என்ன தம்பி, திரும்ப வெளிக்கிடேல்லையோ?" அன்பாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு தராசு இருந்தது. போனவன் ஒரு தட்டு, நின்றவன் மறு தட்டு.

அந்த நாள்களில் எங்கள் சபை மாமி ஒருவர் வீட்டுக்கு வந்தா. கையில் நாலு முருங்கைக்காய். கண்ணில் கற்ரக்ட் ஒப்பரேசன் செய்திருந்தா. "தம்பி, எழுத்து மங்கலாக் கிடக்கு, பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்றா. என்னை வாசிக்கவைக்கத்தான் வந்தாவோ, உண்மையில் கண் தெரியாமல் வந்தாவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிலிப்பி சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதம் அது. வாசித்தேன். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மாமி கையைக் காட்டி நிறுத்தினா.

"பார், பவுலுக்கும் உது பிறப்பிலை வரேல்லை. படிச்சுத்தான் எடுத்திருக்கிறார்."

சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனம். அதில் 'கற்றுக்கொண்டேன்' என்ற சொல் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். படிப்பைத் தவிர வேறொன்றையும் பெரிதாக மதிக்காத ஊர் நாங்கள். இப்படியும் ஒரு பாடம் இருக்கிறது என்று எந்த ரியூசனிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதே அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனம் இப்போது ஓட்டோவின் பின்னாலும் சோதினைப் பிள்ளைகளின் மேசையிலும் ஒட்டியிருக்கிறது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." ஒன்பது ஏ எடுக்கவும் விசா எடுக்கவும் பெலன் உண்டு என்று வாசித்துக்கொள்கிறோம். அதற்கு முதல் வசனத்தைப் பாருங்கள். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். காவலில் கிடந்துகொண்டு எழுதிய கடிதம் அது. 'எல்லாவற்றையும்' என்பதற்குள் பட்டினியும் அடங்கும். ஸ்டிக்கர் அச்சடிக்கிறவர்கள் முன்வரியையும் சேர்த்து அச்சடித்தால் எத்தனையோ பிள்ளைகளின் மனம் ஆறும்.

இந்தத் தராசை எங்கள் கையில் தந்ததில் எங்கள் மிசன் பள்ளிக்கூடங்களுக்கும் பங்குண்டு என்பதைக் கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். ஊழியத்துக்கு ஆட்களை உருவாக்குவது நோக்கம். பிள்ளைகள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த குழு அதைக் கண்டு மனம் நொந்தது, செமினரி மூடப்பட்டது. உத்தியோகக் கனவு மட்டும் மூடப்படவில்லை. அது மலாயா வரை போய், கொழும்புக்கு வந்து, இன்றைக்கு ரொறன்ரோவில் நிற்கிறது.

அதே மிசனில்தான் டொக்டர் சாமுவேல் கிறீனும் இருந்தார். 1847 இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தவர். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுவதைக் கண்டார். தமிழில் படித்தால் ஊரோடு நின்று சனத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துத் தமிழுக்கு மாறினார். தானும் தன் மாணாக்கருமாக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1884 இல் அமெரிக்காவில் இறந்தார். தன் கல்லறைக் கல்லில் தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் அவருக்கு அது என்ன பெருமையைக் கொடுத்திருக்கும்? அவருக்கு அது போதுமாக இருந்தது. நூறு தரமாவது அதை நினைத்திருப்பேன்.

நான் பிறகு தீவகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியனாகச் சேர்ந்தேன். நிரந்தர நியமனம் வரக் கனகாலம் எடுத்தது. காலமை பஸ்ஸில் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் கடல். வற்றின இடத்தில் கொக்குகள். என் வகுப்பில் பதினாலு பிள்ளைகள், பெரும்பாலும் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். முந்தின வருடம் ஒரு பெட்டை விஞ்ஞானத்துக்கு எஸ் எடுத்தாள். வெறும் எஸ், சித்தியில் ஆகக் கடைசித் தரம். அவளுடைய தாய் ஒரு பெட்டி நண்டைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "சேர், எங்கடை வீட்டிலை ஓ.எல். பாஸ் பண்ணின முதல் ஆள்" என்று சொல்லி அழுதா. பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நண்டுகள் உள்ளே சுரண்டிக்கொண்டே வந்தன. அப்படி ஒரு சந்தோசத்தை என் வாழ்க்கையில் நான் அதிகம் அனுபவித்ததில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காணி பறிபோனவரிடமும், பிள்ளை எங்கே என்று இன்னும் தேடுகிற தாயிடமும் போய்ப் 'போதும் என்று இருங்கோ' என்று சொல்ல எனக்கோ எந்தப் போதகருக்கோ உரிமை கிடையாது. 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்கிறவனை யாக்கோபு தன் நிருபத்தில் கடிந்துகொள்கிறார். பவுலும் மனரம்மியத்தைப் பற்றி எழுதிய கையோடு, பிலிப்பியர் அனுப்பிய உதவிக்கு நன்றி எழுதுகிறார். மனரம்மியம் என்பது அவரவர் தனக்குள் படிக்கிற பாடம். அடுத்தவனின் வாயை அடைக்க எடுத்தால் அது பாவம்.

வெளியே போனவர்களிலும் எனக்கு வருத்தம் இல்லை. என் தம்பி ரொறன்ரோவில் இரண்டு வேலை. போன கிழமை போனில், "அண்ணா, நீ ராத்திரியிலை நித்திரை கொள்ளுறாய்தானே?" என்றான். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

சபைக்கு என் வேண்டுதல் ஒன்றுதான். என்வலப்பில் எழுதுகிற காரணங்களைக் கொஞ்சம் அகலமாக்குவோம். கிணறு வற்றாததற்கு எழுதலாம். கோபித்திருந்த சகோதரன் பேசியதற்கு எழுதலாம். கிடைக்காமல் போனதைத் தாங்கப் பெலன் வந்ததற்கும் எழுதலாம். போதகர் அதையும் அதே குரலில் வாசிக்கட்டும். குனிந்திருக்கிறவர் ஒருவராவது நிமிர்ந்து பார்ப்பார்.

நாளைக்கு ஞாயிறு. என் என்வலப் மேசையில் இருக்கிறது. மாமி காலமாகிவிட்டா, இருந்திருந்தால் முன்வாங்கில் இருந்து கேட்டிருப்பா. பின்பக்கத்தில் 'வெளிநாடு போய்த் திரும்பி வந்ததற்காக' என்று எழுதியிருக்கிறேன். மனிசி எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "வருசத்தையும் போடுங்கோ" என்றா.