சமோசாவுக்கு எச்சரிக்கை வாசகம்: உத்தரவு உண்மையா?

சமோசா, ஜிலேபி, லட்டு விற்கும் கடைகள் சிகரெட் பெட்டியில் உள்ளதைப் போன்ற எச்சரிக்கை வாசகத்தை வைக்க வேண்டும் என மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டதாக 2025 ஜூலையில் செய்தி பரவியது. பீட்சாவை விட்டுவிட்டு நம் பலகாரங்களை மட்டும் பழிப்பதா என்று பலர் கொதித்தனர். அப்படியோர் உத்தரவு இல்லை. உறையே இல்லாமல், காகிதத் துண்டில் எண்ணெய் ஊறக் கைக்கு வரும் சமோசாவில் எந்த இடத்தில் வாசகத்தை அச்சிடுவது என்று பகிர்ந்தவர்கள் யோசித்ததாகவும் தெரியவில்லை.

ஜூன் மாதம் அமைச்சகம் எழுதிய கடிதம் கடைகளுக்கானதல்ல. அது அரசு அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டது. உணவில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் எண்ணெய், சர்க்கரையின் அளவை உணர்த்தும் பலகைகளை அலுவலக உணவகங்களிலும் கூட்ட அறைகளிலும் வைக்குமாறும், கடிதத் தாள், உறை, கோப்பு ஆகியவற்றில் நலவாழ்வு வாசகங்களை அச்சிடுமாறும், பழங்களையும் கொழுப்புக் குறைந்த உணவுகளையும் கிடைக்கச் செய்யுமாறும் அது கேட்டுக்கொண்டது. மத்திய அரசின் செய்திப் பிரிவான பத்திரிகைத் தகவல் அலுவலகமும் ஜூலை 15 அன்று இதைத் தெளிவுபடுத்தி, வியாபாரிகள் விற்கும் உணவுக்கு எச்சரிக்கை வாசகம் கோரப்படவில்லை, இந்தியப் பலகாரங்கள் தனித்துக் குறிவைக்கப்படவும் இல்லை என்று விளக்கியது.