பொம்மை ரயிலாம்!

ரெண்டு நாளாக எல்லார் வாட்ஸப்பிலும் சுற்றுகிற அந்த ஊட்டி ரயில் ரீல்ஸைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் எங்கள் குடும்ப குரூப்பிலேயே சித்தப்பா மகன் அதைச் சிரிப்பு பொம்மையோடு போட்டிருக்கிறான். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

"46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம், நடுக்காட்டுல காரணமே இல்லாம நிறுத்துறாங்க, சும்மா பொம்மை ரயில், பஸ்ல போயிருங்க மக்களே." இதுதானே அந்த ரீல்ஸ் போட்ட தம்பி சொன்னது?

தம்பி, அது பொம்மை இல்லை. மேட்டுப்பாளையத்தின் உயரம் சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,200. மலையடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டினால் பன்னிரண்டரை அடி போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டிய இடங்கள் வரும். சாதா சக்கரம் வழுக்கும். அதனால்தான் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இரண்டு ஓடுகிறது, ஒன்றில் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். அங்கே மணிக்கு 13 கிலோமீட்டர்தான் வேகம். பனைமரம் ஏறுகிறவனைப் பார்த்து ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்களா?

என் அப்பா அந்த வண்டியில் பிரேக்ஸ்மேன். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், டிரைவருக்கு முன்னால் பாறை கிடக்கிறதா யானை நிற்கிறதா தெரியாது. முதல் பெட்டியின் நெற்றியில் கொடியோடு நிற்கிற ஆள்தான் அவருக்குக் கண். இறங்கும்போது பெட்டிக்குப் பெட்டி ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்தால் சட்டையில் கரிப்புகை, உள்ளங்கை காய்த்துப்போய் சுடுகாப்பி டம்ளரை அப்படியே பிடிப்பார். நான் பள்ளிக்கூடத்தில் "பொம்மை ரயில்காரன் மகன்". அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தால்... விடுங்கள்.

"செல்லமாத்தானே சொல்றாங்க" என்று ஒருவர் வருவார். செல்லம் எது, இளக்காரம் எது என்று எனக்குத் தெரியும்.

"வெள்ளைக்காரன் தன் சொகுசுக்குப் போட்டது, இதுல உனக்கென்ன பெருமை" என்று இன்னொருவர். 1854-லேயே பேச்சு தொடங்கி, 1891-ல் வேலை ஆரம்பித்து, நடுவில் கம்பெனியே திவாலாகி, 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. திட்டம் போட்டவன் வெள்ளைக்காரன், சரி. 16 குகைக்கும் பாறை உடைத்தது அவனா? எஞ்சின் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது, அதுவும் சரி. பிறகு அதே மாதிரி புது நீராவி எஞ்சினைத் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் நம்ம ஆட்களே செய்திருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பொம்மையையா?

"டீசல் போட்டுத் தொலைக்கலாமே?" குன்னூருக்கு மேலே டீசல்தான் ஐயா. ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பது மட்டும் உண்மை. அதைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் வண்டியைத் திட்டாதீர்கள். ஜன்னல் வழியே சிப்ஸ் பாக்கெட்டை வீசிவிட்டு ஹேஷ்டேக்கில் இயற்கை என்று எழுதுகிற கூட்டத்துக்கு இந்த வண்டி மெதுவாகப் போவதுதான் பிரச்சினையாம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும்போது, கொட்டுகிற மழையில் நின்று மண் அள்ளுகிற கேங்மேனை எவனாவது ரீல்ஸ் எடுத்தானா?

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். பேரன் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான். இரண்டு தடவை பார்த்தார், கோபமே படவில்லை. நிறுத்துகிற இடம் வந்ததும் போனைக் கிட்டே கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினார்.

"அது ஹில்குரோவ் ஸ்டேஷன்டா. அங்க எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிறாங்கடா. அந்தப் பையன் இறங்கிப் பார்க்கலையா?"