கான்ஸ்டன்டைனும் 313-ம் வருஷமும்

மேல ஒருத்தர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-ல மிலான் ஆணை போட்டு கிறிஸ்தவத்த ரோமோட அரச மதமா ஆக்கிட்டார்னு போட்டிருக்காரு, அத நாலு பேர் ஷேரும் பண்ணிட்டாங்க. சாரி நண்பா, அது அப்படி இல்ல. 313-ல வந்தது அனுமதி மட்டும்தான், கிறிஸ்தவங்களுக்கும் மத்த எல்லாருக்கும் அவங்கவங்க விரும்புற மதத்த கும்பிட உரிமை உண்டுன்னும், பறிச்ச சர்ச் இடங்கள காசு கேக்காம திருப்பிக் குடுக்கணும்னும்தான் அதுல இருக்கு. அவர் சர்ச்சுக்கு சலுகைய அள்ளிக் குடுத்தது உண்மைதான், ஆனா அதுக்கு அப்புறமும் கொஞ்ச வருஷம் அவர் அடிச்ச நாணயத்துல சூரியக் கடவுள் உருவம் வந்துட்டுதான் இருந்துச்சு (மியூசியம் சைட்ல போட்டோவே கிடைக்கும், பாக்க அழகா வேற இருக்கும்). எல்லாரும் கிறிஸ்தவ விசுவாசத்ததான் பின்பற்றணும்னு சட்டம் வந்தது 380 பிப்ரவரி 27, தெசலோனிக்காவுல, பேரரசர் தியோடோசியஸ் காலத்துல, அப்போ கான்ஸ்டன்டைன் செத்தே கிட்டத்தட்ட 43 வருஷம். நம்ப வேணாம், நீங்களே பாருங்க: தியோடோசியஸ் சட்டத் தொகுப்பு, 16-ம் புத்தகம், முதல் தலைப்பு, ரெண்டாவது சட்டம். 313 ஆணைய அந்தக் காலத்து கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்டியஸ் அப்படியே எழுதி வச்சிருக்காரு, ரெண்டோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் நெட்ல ஃப்ரீயா இருக்கு, பத்து நிமிஷம் போதும்.