என் அம்பு என் வளவைத் தாண்டாது

நொண்டின மானின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் திருகோணமலை ஊர்க் குழுவில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கோ: காயம் காலைச் சுற்றி வளையமாக இருக்கிறது. அது சுருக்குக் கம்பி இறங்கின காயம். அம்பு குத்தும், வளையம் போடாது. ஆனாலும் ஒரு புண்ணியவான் கீழே வந்து "வில்லுக்காரரைக் கேட்டால் தெரியும்" என்று எழுதினார். அதற்கு விருப்புப் போட்டவர்களில் என் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தவர்களும் இருக்கினம்.

சரி, கேட்டாச்சு. வீட்டுக்குப் பின்னால் இலக்கு வைத்து வில் பழகுகிற அந்த ஆள் நான்தான். சொல்லுறன். என் அம்பு என் வளவைத் தாண்டாது.

தெரியாத ஆட்களுக்காக: அப்பா விட்டுப்போன காணியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீள ஒடுக்கம் இருக்கிறது. 18 மீற்றர் அளந்து கோடு போட்டிருக்கிறேன். உள்ளரங்கப் போட்டித் தூரம் அதுதான். இலக்குத் தாள் 40 சென்ரிமீற்றர் அகலம், பத்துப் புள்ளி வட்டம் வெறும் 4 சென்ரிமீற்றர். ஒலிம்பிக்கில் 70 மீற்றருக்கு அடிக்கிறார்கள். அதற்கு இங்கே இடமுமில்லை, எனக்குத் தோளுமில்லை. என்னுடையது 28 இறாத்தல் வில், அதாவது நாணை முழுக்க இழுக்க அவ்வளவு பலம் கேட்கும். கனடாவில் இருக்கிற மச்சான் கொண்டுவந்து தந்தது.

போன முறை வந்தபோது அவன் இதே கோட்டில் நின்று சொன்னான்: "அங்க நான் சந்தா கட்டி, கார் ஓடி, முறைக்கு நிண்டு அடிக்கிறன். நீ சாரத்தோட எழும்பி வந்து அடிக்கிறாயடா." உண்மைதான். விடியப் பின்கதவைத் திறந்தால் மைதானம். நாணைத் தாடையில் தொடும்வரை இழுத்து, மூச்சை அடக்கி, விரல்களைத் தளர்த்தினால் இலக்குக்கு வைத்திருக்கிற தும்பு மூட்டையில் "தொம்" என்று ஒரு சத்தம். அந்த நேரத்தில் கரண்ட் பில்லும் வராது, பிள்ளைகளின் கவலையும் வராது. மூன்று அம்பு விட்டுவிட்டுப் போய்ப் பிடுங்கி வருவேன். மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் இப்படித்தான் விடிகிறது. இதைவிட எனக்கு இந்த ஊரில் வேறு சொர்க்கம் இல்லை.

இந்தச் சொர்க்கத்துக்கு நான் என்ன கட்டினேன் என்று யாராவது கேட்டீர்களா? முதல் வைத்த வைக்கோல் இலக்கைக் கறையான் தின்றது. அடுத்ததை மாரி மழை அழுகவைத்தது. கச்சான் காற்றுக்கு, அம்பைப் பிடிக்கக் கட்டின வலை கிழிந்து தொங்கியது. இறகு போன அம்பு, முனை வளைந்த அம்பு என்று ஒரு வாளி நிறையக் கிடக்கிறது. அதெல்லாம் காசோடு போகட்டும். பின்தடுப்புக்குப் பனங்குற்றி நட்டு மண்மூட்டை அடுக்கினேன். 28 இறாத்தல் வில்லென்றாலும் தடுப்பில்லாமல் விட்டால் அம்பு நூறு மீற்றரைச் சும்மா கடக்கும். அது எனக்குத் தெரியும், அதற்காகத்தான் அடுக்கினேன். அதைப் பார்த்துவிட்டு ஊர் என்ன சொன்னது? "ஆள் பங்கர் கட்டுறார்." சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போர்க்காலத்தில் பங்கருக்குள் அம்மாவின் மடியில் படுத்திருந்த பிள்ளை நான். மண்மூட்டையின் மணம் எனக்குப் பகிடியில்லை.

"போர் பட்ட மண்ணில் எதற்கு ஆயுதம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாமைக் கடந்துதான் ஐயா நாங்கள் கோணேசரைக் கும்பிடப் போகிறோம். கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இருக்கிற ஊர் இது. அங்கெல்லாம் வராத அமைதிக் கவலை என்னுடைய தும்பு மூட்டையைக் கண்டதும் வருகிறது. வேட்டைத் திருவிழாவில் சாமிக்காக ஐயர் அம்பு விட்டால் அரோகரா, நான் விட்டால் முறைப்பாடு.

விடியற்காலை விசில் ஊதுகிறேன் என்பது நியாயமான குறை. இரண்டு விசில் கோட்டுக்கு வர, ஒரு விசில் அடிக்க, மூன்று விசில் போய் அம்பைப் பிடுங்க. போட்டி ஒழுங்கு அது. தனியாக அடிக்கும்போது இனி ஊதமாட்டேன். பிள்ளைகள் நின்றால் ஊதுவேன். "பிள்ளைகளை ஏன் சேர்க்கிறாய்" என்றால், நான் சேர்க்கவில்லை. கிட்ட ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர், அயலட்டை எல்லாம் பிள்ளைகளோடு வந்துவிடும். "மாமா, ஒரு அம்பு விட்டுப் பாக்கட்டா?" இல்லையென்று சொல்லட்டா? பந்தடிக்க ஏகாம்பரம் மைதானம் இருக்கிறது, மக்கெய்சர் மைதானம் இருக்கிறது. அதற்குமேல் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே இடம்? கடற்கரையில் ஹோட்டல் வேலி. வெறுங்காணி என்று பார்த்தால் யாரோ ஒருவரின் பெயர்ப்பலகை. எட்டி நடந்து எல்லையைத் தொடாத ஒரு இடம் காட்டுங்கோ, நான் வில்லை அங்கே கொண்டுபோகிறேன்.

மானுக்கு வருகிறேன். என் வளவுக்கும் வரும், முருங்கை இலைக்கு. வந்தால் வில்லைச் சாத்திவிட்டு இருந்துவிடுவேன். அது தின்று முடித்துப் போகும்வரை அன்றைய பயிற்சி அவ்வளவுதான். பஸ் நிலையத்தில் சொப்பின் பையை மென்றுகொண்டு நிற்கிற மானைப் படம் எடுத்துப் போட்டு "எங்கள் ஊர் அழகு" என்று எழுதுகிறவர்கள்தான் இன்றைக்கு எனக்கு மான் பாசம் படிப்பிக்கினம். அந்தப் பையை யார் போட்டது? சுருக்கை யார் வைத்தது? அதைக் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. சாரத்தோடு நிற்கிற ஒரு கிழவனைக் கேட்பது சுகம்.

திரும்பவும் எழுதுகிறேன், வாசியாமல் கருத்துப் போடுகிறவர்களுக்காக: என் அம்பு என் வளவைத் தாண்டாது. தாண்டினது உங்கள் வாய்.

பின்பக்க மதிலை இன்னும் மூன்று வரி உயர்த்தப்போகிறேன். சீமெந்துக் கல் விற்கிற விலையில் இந்த வருடம் புது அம்பு இல்லை. நல்ல மேசன்மார் தெரிந்தால் உட்பெட்டியில் நம்பர் போடுங்கோ. நாட்கூலிக்கு வருகிற ஆளாக இருந்தால் நல்லது; கொந்தராத்துக் காரர் வேண்டாம்.